இரண்டாம் நம்பர் காலையில் சுடாது

அத்தியாயம் 7

பனிமூட்டத்தில் துவாரகா மேம்பாலம் பாதியோடு முடிந்துவிட்டதுபோல் தெரிந்தது. பச்சைமுத்து ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காரை நகர்த்தினான்.

"மேடம், முன்னாடி போறது பஸ்ஸா எருமையா?"

"எதுவா இருந்தாலும் இடிக்காதே."

"எருமையா இருந்தா நல்லது. பஸ்காரன்னா இறங்கி சண்டைக்கு வருவான்."

விசாலாக்ஷி சால்வையை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். முழங்கால் வலித்தது. டெல்லியில் எத்தனையோ ஜனவரிகளைப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றும் புதிதாகத்தான் வலிக்கிறது.

மத்திய அரசின் விஜிலன்ஸ் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர் அவர். வேலையில் இருந்த காலமெல்லாம் தவறு செய்த அரசு ஊழியர்களைத் தேடினார். இப்போது தவறு செய்யாதவர்களைத் தேடுகிறார். துறை விசாரணையில் மாட்டிக்கொண்டவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரைத் தனக்காகப் பேச வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. டிஃபென்ஸ் அசிஸ்டென்ட் என்று பெயர். சாட்சிப் பொருளைப் பார்க்கலாம், ஆட்களைக் கேள்வி கேட்கலாம். ராணுவத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்த பச்சைமுத்து, தன்னை "அசிஸ்டென்டுக்கு அசிஸ்டென்ட்" என்று அறிமுகப்படுத்திக்கொள்வான்.

பின் சீட்டில் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். கௌதமன், வேலூர்க்காரர். ஒரு மத்தியப் படையில் ஆயுதப் பரிசோதனை அதிகாரி. இப்போது சஸ்பென்ஷனில் இருந்தார். ஷேவ் செய்துகொண்டு வந்திருந்தார். ஆனால் ஒரு கன்னத்தில் மட்டும்தான் ஒழுங்காகச் செய்திருந்தார்.

"அந்த மூணு துப்பாக்கியையும் இன்னொரு தடவை சொல்லுங்கோ," என்றார் விசாலாக்ஷி. "எனக்குப் புரியற மாதிரி."

"படைக்குப் புது ரைஃபிள் வாங்கணும் மேடம். ரெண்டு கம்பெனி வந்தாங்க. ஒண்ணாம் நம்பர் கனம். சத்தம் ஜாஸ்தி. குறி சுமார்தான். ஆனா உள்ள பாகங்களெல்லாம் கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும். மண்ணு போனாலும் தண்ணி போனாலும் வெளிய தள்ளிட்டு சுட்டுக்கிட்டே இருக்கும்."

"டிராக்டர்," என்றான் பச்சைமுத்து.

"ரெண்டாம் நம்பர் லேசு. குறி அபாரம். ஆனா உள்ள அவ்வளவு இறுக்கம். நூல் நுழைய இடமிருக்காது."

"நடிகர் வீட்டு கார். ஸ்பீடு பிரேக்கரைப் பாத்தாலே அழும்."

"மூணாவது, இப்போ படையில இருக்கற பழைய ரைஃபிள். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக வச்சது."

"அது நம்ம வண்டி. திட்டிக்கிட்டே ஓட்டலாம்."

மூன்றையும் ஒரே மாதிரி சுட்டு, எது அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனை. இரண்டாம் நம்பர் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. நம்பகமில்லை என்று கௌதமன் அறிக்கை கொடுத்தார். அடுத்த வாரமே அந்தக் கம்பெனி புகார் கொடுத்தது. கௌதமன் ஒண்ணாம் நம்பர் கம்பெனியிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு தங்கள் துப்பாக்கியில் கை வைத்துவிட்டார் என்றது.

"அவங்க சொல்றதும் நியாயம்தான் மேடம். நான் நிக்கறப்போ அடைச்சுக்குது. என் டெபுடி நிக்கறப்போ ஒழுங்கா சுடுது. எல்லா நாளும் அப்படித்தான். நானா இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்படுவேன்."

"ராசி சார்," என்றான் பச்சைமுத்து. "என் மச்சான் ஒருத்தன் இருக்கான். அவன் உள்ள வந்தாலே டிவி நின்னுரும்."

"முத்து, ரோட்டைப் பாரு. ஏன் ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கலை?"

"நான் காலையில பாத்துட்டு ஆபீஸ் போயிருவேன். அவர் லஞ்சுக்கு அப்புறம்தான் வருவார்."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும்."

விசாலாக்ஷி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி காலை வேளையையும் சந்தேகப்பட்டிருக்கணுமே."

"காலை வேளைக்கு சார்ஜ் ஷீட் குடுக்க முடியாதே மேடம். அட்ரஸ் இல்லை," என்றான் பச்சைமுத்து.

விசாரணை அதிகாரி ரஸ்தோகி இன்று மதியத்துக்குள், பரிசோதனை நடந்த சுடுதளத்துக்கு வருகிறார். அவரை நம்ப வைக்க முடியாவிட்டால் கௌதமன் மேல் லஞ்ச வழக்கு பாயும். வேலை போகும். லோதி ரோடு குவார்ட்டர்ஸ் போகும். அங்கிருந்து நடந்து போகிற தூரத்துப் பள்ளியில் அவர் மகள் பத்தாவது படிக்கிறாள். நேற்று மாலை கௌதமனின் மனைவி கனிமொழி போனில் வேறு எதையும் கேட்கவில்லை. "மாமி, வீட்டைக் காலி பண்ணணுமா? அதை மட்டும் சொல்லிருங்க," என்று மட்டும் கேட்டாள்.

நஜஃப்கர் தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்தது சுடுதளம். ஆயுத அறை கல் தரையும் சின்ன ஜன்னலுமாக, வெளியைவிடக் குளிர்ந்து கிடந்தது. காவலுக்கு இருந்த ஹரியானாக்காரர் ஹீட்டரைத் தன் நாற்காலிக்கு அடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பச்சைமுத்து அவரிடம் போய், "பையா, சாய் கிடைக்குமா?" என்று ஹிந்தியில் ஆரம்பித்தான்.

ஆயுதங்களைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுகிற ஹெட் கான்ஸ்டபிள் சிவஞானம் எழுந்து நின்றார். நாற்பதைத் தொட்ட வயது, குரங்குக் குல்லா, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. செப்டம்பரில்தான் டெல்லிக்கு மாற்றலாகி வந்தவர். கௌதமனைப் பார்த்ததும் பழக்கத்தில் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். காவலரைப் பார்த்ததும் அந்தக் கை குல்லாவைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

"ரெண்டாம் நம்பரை இதுக்கு முன்னாடி யார் பாத்தா?" என்று கேட்டார் விசாலாக்ஷி.

"கம்பெனி எஞ்சினியர் வந்தாரு மேடம். வெளிய வெயில்ல மேசை போட்டுப் பிரிச்சாரு. ஒண்ணும் உடையல்ல, தேயல்ல. மாட்டுனப்போ ஜோரா வேல செஞ்சுது. பெறவு என்ன, சாரு மேலதான் சந்தேகம்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

"வெயில்லயா?"

"மத்தியானம்தான வந்தாரு."

காவலர் துப்பாக்கி அலமாரியின் சீலை உடைத்தார். சிவஞானம் இரண்டாம் நம்பரை எடுத்து, குண்டு இல்லை என்று காட்டினார். ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் பின்னால் போய், அடுத்த குண்டைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து மூடவேண்டிய இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. போல்ட் என்கிறார்கள். சிவஞானம் அதைப் பின்னால் இழுத்து விட்டார்.

அறைந்து மூடவேண்டிய போல்ட் மெதுவாக முன்னால் வந்தது. ஒரு நகக் கனம் மிச்சமிருக்கும்போது நின்றுவிட்டது.

"திங்கக்கெழமை ஆபீஸ் கிளம்பறவன் மாதிரி," என்றான் பச்சைமுத்து. "வந்துட்டான். ஆனா மனசில்லை."

விசாலாக்ஷி ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு வழித்தார். நகத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது என்ன, கிரீஸா?"

"கிரீஸ் போடறதில்லை மேடம். எண்ணெய் மட்டும்தான்," என்றார் கௌதமன்.

முகர்ந்து பார்த்தார். வெடிமருந்துக் கரி நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. குளித்துவிட்டு வந்த யாரோ அறைக்குள் நிற்பதுபோல. விரலைப் பச்சைமுத்துவின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவன் முகர்ந்தான். தன் தலைமுடியைத் தொட்டு அந்த விரலையும் முகர்ந்தான்.

"மேடம், இது என் தலை."

மூன்று பேரும் சிவஞானத்தைப் பார்த்தார்கள். அவர் குல்லாவைக் கழற்றினார். வாரிய தலை பளபளத்தது.

"எண்ணெய் தீந்துபோச்சு சார்," என்று கௌதமனைப் பார்த்துச் சொன்னார். "கேட்டுக்கிட்டேதான் இருந்தோம், வரல்ல. எண்ணெய் இல்லன்னா டெஸ்ட் நிக்கும், நீங்க ஏசுவீங்க. எங்க ஊர்ல பூட்டு, தையல் மெஷினு, சைக்கிளு எல்லாத்துக்கும் தேங்கா எண்ணெய்தான் பாத்துக்கிடுங்க. நல்லது செய்யறதாத்தான் நெனச்சேன்."

"குளிர்ல உறையுமே, தெரியாதா?" என்றார் விசாலாக்ஷி. "ஜனவரியில டெல்லியில எந்தத் தமிழாள் வீட்டுக்கு வேணா போய்ப் பாருங்கோ. எண்ணெய் பாட்டில் பால்கனி வெயில்லதான் நிக்கும்."

"அது கடை எண்ணெய் மேடம். மெழுகு கலக்கான், அதான் உறையுது. இது எங்க தோப்புத் தேங்கா, செக்குல ஆட்டுனது. அம்மை குடுத்து விட்டா. சுத்தமான எண்ணெய் உறையாதுல்லா?"

"உங்க பாட்டில் உறையவே இல்லையா?"

"நான் ஹீட்டர் பக்கத்துலதான வச்சிருக்கேன்."

"துப்பாக்கிக்குச் செக்கு எண்ணெய்," என்று பச்சைமுத்து பெருமூச்சு விட்டான். "நான் என் தலைக்கே கடை எண்ணெய்தான் வச்சுக்கறேன். பையா, கொஞ்சம் எந்திரிங்க."

காவலரின் ஹீட்டரை இழுத்து வந்து துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தான். டீ வந்தது. குடித்தார்கள். இரும்பின் மேலிருந்த வெள்ளை, கண்ணாடிபோல் தெளிந்து வழிந்தது. சிவஞானம் போல்ட்டை இழுத்து விட்டார். கடக்கென்று அறைந்து மூடியது. காவலரே திடுக்கிட்டார்.

மதியப் பரிசோதனைக்கு முன்னால் துப்பாக்கிகள் மைதானத்தில் தார்ப்பாயின் மேல் வெயிலில் கிடக்கும். கறுப்பு இரும்பு சீக்கிரம் சூடேறும். குற்றம் கண்டுபிடிக்க வந்த எஞ்சினியர் உடைந்ததைத் தேடினார். அதுவும் வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று வெயிலில் வைத்துத் தேடினார்.

கௌதமன் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ நான் இல்லை," என்றார். தனக்கே இத்தனை நாள் சந்தேகம் இருந்தது போன்ற குரல்.

விசாலாக்ஷிக்கு இந்த இடம் பழக்கமானது. கட்சிக்காரர் குற்றவாளி இல்லை என்று தெரிகிற நிமிடம். முதல் சில வழக்குகளில் சந்தோஷமாக இருந்தது. இப்போது சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்றுதான் தோன்றுகிறது. எழுந்தவர், கதவருகில் நின்றார்.

"சிவஞானம், ரெண்டாம் நம்பருக்குப் போடற எண்ணெய் மட்டும் ஏன் தீர்ந்தது?"

"ரெண்டுக்கு மட்டுமா? இல்லியே மேடம். எல்லாத்துக்கும் ஒரே டப்பாதான. ஒண்ணுக்கு நல்ல எண்ணெய், இன்னொண்ணுக்கு இதுன்னு போட்டா நியாயமா? மூணுக்கும் சமமாத்தான் போட்டேன். பாரபட்சமே பாக்கல்ல."

விசாலாக்ஷி திரும்பி வந்தார்.

"ஒண்ணாம் நம்பரை எடுங்கோ."

எடுத்தார். உள்ளே அதே வெள்ளை, இன்னும் தடிமனாகவே இருந்தது. போல்ட்டை இழுத்து விட்டார். கடக். இன்னொரு தடவை. கடக். மூன்றாவது, பழைய துப்பாக்கி. கொஞ்சம் முனகியது. ஆனால் மூடிக்கொண்டது.

முதலில் புரிந்துகொண்டவர் கௌதமன்தான்.

"மூணுக்கும் ஒரே தப்பு நடந்திருக்கு," என்றார் மெதுவாக. "ரெண்டு தாங்கிக்கிச்சு. ஒண்ணு தாங்கல. நான் மண்ணைப் போட்டேன், தண்ணியில முக்கினேன். இந்த டெஸ்ட்டை நான் யோசிக்கவே இல்லை மேடம். என் ரிப்போர்ட் சரிதான்."

ரஸ்தோகி வந்தபோது பனி பாதி கலைந்திருந்தது. பருத்த உடம்பு, கழுத்தில் மஃப்ளர், இரவெல்லாம் இருமிய முகம். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். இரண்டாம் நம்பரைத் திரும்பக் குளிரவைத்துக் காட்டினார்கள். ஹீட்டரில் வைத்துக் காட்டினார்கள். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"அச்சா, பஹுத் அச்சா," என்றார். பிறகு ஹிந்தியில் தொடர்ந்தார். "யாரும் திருடன் இல்லை. கோளாறு எண்ணெயில்தான். பரிசோதனை செல்லாது என்று எழுதிவிடுவோம். கௌதமன் ஜி, உங்கள் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கே வேலைக்கு வந்துவிடலாம். இந்த சிவஞானத்துக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். கம்பெனி கொடுக்கிற எண்ணெயைப் போட்டு ஏப்ரலில் புதிதாக நடத்தலாம்."

விசாலாக்ஷி பையிலிருந்து பேனாவை எடுத்துக் கௌதமனிடம் நீட்டினார். கேட்டு வந்ததைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது.

கௌதமன் பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதவில்லை.

"ஏப்ரல்ல எதுவும் உறையாது சார்."

"நல்லதுதானே?"

"இந்த ரைஃபிள் எங்க போகப் போகுது சார்?"

"உங்களுக்கே தெரியும். மேலே, மலைப் போஸ்ட்களுக்கு."

"டெல்லியிலேயே நமக்கு எண்ணெய் வரலை. அங்க தீந்துபோனா கையில கிடைச்சதைப் போடுவாங்க. கடுகு எண்ணெய் போடுவாங்க, நெய் போடுவாங்க. நான் அங்க இருந்திருக்கேன் சார். வெயில் வந்து சூடாகட்டும், அப்புறம் சண்டை போடலாம்னு எதிராளி காத்திருக்க மாட்டான். விடியறப்போதான் வருவான்."

ரஸ்தோகி மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பில்லாதவர் மாதிரி இருந்தார்.

"கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட் நிற்க வேண்டுமானால் எண்ணெய் விஷயமும் அதோடு நிற்கும். தினமும் காலையில் துப்பாக்கி தயார் என்று சொன்னது யார்? நீங்கள். லஞ்சம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலட்சியம். இன்க்ரிமென்ட் நிற்கும். டெல்லியில் வைத்திருக்க மாட்டார்கள். மேடம், உங்கள் ஆளுக்குச் சொல்லுங்கள்."

கொடுப்பதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார் விசாலாக்ஷி. சொல்ல வாயைத் திறந்தார்.

"பொண்ணுக்குப் பத்தாவது," என்றார். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும் மேடம்."

கௌதமன் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதினார். மூன்று துப்பாக்கிகளிலும் ஒரே தவறான எண்ணெய் இருந்தது, அதிலும் இரண்டு சுட்டன, தன் அறிக்கையில் மாற்றமில்லை. எண்ணெய் மாறியதைக் கவனிக்கத் தவறியது தன் பொறுப்பு. சிவஞானத்தின் பெயரை எழுதவில்லை. சிவஞானம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விசாலாக்ஷி தாளை வாங்கிப் படித்தார். ரஸ்தோகியிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஹிந்தியில் கேட்டார்.

"அலட்சியம் என்று விசாரணை வைத்தால் நானும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். துப்பாக்கி எண்ணெய் ஏன் வரவில்லை? யார் மேஜையில் நின்றது?"

ரஸ்தோகி இருமினார். இருமல் கொஞ்சம் நீளமாகவே நடந்தது.

"என்ன வேண்டும் உங்களுக்கு?"

"லஞ்சம் இல்லை என்று இன்றே எழுத்தில் வேண்டும். மாற்றல் மார்ச் கழிந்த பிறகு. குழந்தையின் பரீட்சை முடியட்டும்."

"ரிப்போர்ட்டை மேலே யாராவது படிப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?"

"தெரியாது. ஆனால் கிழிக்க முடியாது. கீழே என் கையெழுத்தும் இருக்கும்."

ரஸ்தோகி பேனாவுக்குக் கை நீட்டினார்.

திரும்பும்போது சாலை தெரிந்தது. பச்சைமுத்து பின் கண்ணாடியில் கௌதமனைப் பார்த்தான்.

"சார், நீங்க ரெண்டாம் நம்பரா மூணாம் நம்பரான்னு எனக்கு இன்னும் புரியலை."

"முத்து," என்றார் விசாலாக்ஷி.

"சும்மா கேட்டேன் மேடம்."

போன் அடித்தது. கனிமொழி.

"மாமி, என்னாச்சு?"

"லஞ்சம் வாங்கலேன்னு ஆயிடுத்து. எழுதியே குடுத்துட்டார். பேப்பர் என் கையில இருக்கு."

மறுமுனையில் பக்கத்தில் யாரிடமோ, மகளாக இருக்கும், "ஒண்ணுமில்லையாம்டி, அப்பா மேல ஒண்ணுமில்லையாம்" என்று சொல்வது கேட்டது. பிறகு குரல் பக்கத்தில் வந்தது.

"அப்போ வீடு, மாமி?"

விசாலாக்ஷி போனைப் பின்னால் நீட்டினார். கௌதமன் அதை வாங்கிக் காதுக்குக் கொண்டுபோனார்.

"கனி, மார்ச் வரைக்கும் இருக்கலாம். பாப்பா பரீட்சை முடியட்டும். அப்புறம் காலி பண்ணணும். இல்ல, வேலை போகல. மாத்தறாங்க. நானா எழுதிக் குடுத்தேன். வந்து சொல்றேன்."

மறுமுனை பேசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பச்சைமுத்து பின் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

"எந்த ஊருன்னு இன்னும் தெரியாது," என்றார் கௌதமன். பிறகு இன்னொரு கேள்வி வந்தது.

"குளிரற ஊராத்தான் இருக்கும். ரஜாய்ப் போர்வையை யாருக்கும் குடுத்துடாதே, கனி."